சிவாலிக் ராட்சத ஆமையைப் பழக்கிச் சவாரி விடலாமா?

கேள்வி, ஆகஸ்ட் 2

கற்பனை உலகம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் டிராகன், ஓநாய், சிறகு முளைத்த குதிரை என்று போவதால் நான் அழிந்துபோன சிவாலிக் ராட்சத ஆமையை எடுத்திருக்கிறேன். ஓடு மட்டும் 12 அடி. பழம் கொடுத்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும். முதுகில் அம்பாரி, அதில் நான்கு வில்லாளிகள். போர்க்களத்தில் நகரும் கோட்டை. நம்பும்படி இருக்கிறதா?

ஆகஸ்ட் 2, இரவு

நம்பும்படி இல்லை. ஆமையை விட்டுவிடாதீர்கள், அம்பாரியை இறக்கிவிடுங்கள்.

முதலில் அந்த 12 அடி. அது ஹியூ ஃபால்கனர், புரோபி காட்லி இருவரும் போட்ட கணக்கு. ஃபால்கனர் சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தைக் கவனித்துவந்த மருத்துவர். காட்லி பின்னாளில் கங்கைக் கால்வாயை வெட்டிய பொறியாளர். 1830-களில் இருவரும் இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளைக் கிளறி எலும்புகளை அள்ளினார்கள். ஆமை முழுசாகக் கிடைக்கவில்லை, உடைந்த துண்டுகள்தான். அதை வைத்து ஓடு 12 அடிக்கு மேல், தலையிலிருந்து வால்வரை 18 அடி என்று நீட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் குறைத்துக்கொண்டே வந்து, இப்போது ஓடு 2 மீட்டர் சொச்சம், எடை ஏறக்குறைய ஒரு டன் என்ற இடத்தில் நிற்கிறது. அறிவியல் பெயர் மெகலோகெலிஸ் அட்லஸ்.

ஒரு டன் என்பது சாதாரணமா? இன்று பசிபிக் பெருங்கடலின் கலாபகோஸ் தீவுகளில் உயிரோடு இருக்கும் ராட்சத ஆமைகளில் மிகப் பெரிய ஆணே 400 கிலோ சுமாருக்குத்தான் வரும். அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். என்னைக் கேட்டால் 2 மீட்டர் ஆமைதான் பயமுறுத்தும். 12 அடி என்றால் மேடை அலங்காரம் ஆகிவிடும்.

இன்னொன்று, இந்த எலும்புகளைப் பார்த்துக் கற்பனையில் இறங்கிய முதல் ஆள் நீங்கள் இல்லை. ஃபால்கனரே கூர்மாவதாரத்தையும் உலகைத் தாங்கும் ஆமையையும் இதோடு முடிச்சுப் போட்டுப் பேசியவர்தான். ஆதி மனிதர்கள் இந்த ஆமையை உயிரோடு பார்த்திருப்பார்களோ, அந்த நினைவுதான் புராணம் ஆனதோ என்று அவருக்கு ஒரு சபலம்.

ஆகஸ்ட் 3

சவாரி விஷயம். இதைச் செய்து பார்த்தவர் இருக்கிறார். 1835-இல் கலாபகோஸ் தீவுகளில் சார்லஸ் டார்வின் ஆமைகளின் முதுகில் ஏறி உட்கார்ந்து, ஓட்டின் பின்பக்கம் தட்டினார். தட்டினால் எழுந்து நடக்கும். ஆனால் விழாமல் உட்கார்ந்திருப்பது பெரும்பாடாக இருந்தது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். உருண்டை ஓடு, பிடிக்க எதுவும் கிடையாது, ஒவ்வொரு காலும் எடுத்து வைக்கும்போது உடம்பு முழுக்க ஒரு பக்கம் சாயும்.

வேகத்தையும் அளந்தார். 10 நிமிடத்தில் 60 கஜம். வழியில் மேயும் நேரத்தையும் விட்டுக்கொடுத்தால் ஒரு நாளைக்கு 4 மைல். உங்கள் வில்லாளிகள் இறங்கி நடந்தால் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

ஆகஸ்ட் 3, மதியம்

"சேணம் கட்டினால் போச்சு" என்கிறார் ஒருவர். எங்கே கட்டுவீர்கள்? வயிற்றைச் சுற்றி வார் போட்டால், நடக்கும்போது அடி ஓடு தரையில் உரசும் ஒவ்வொரு முறையும் வார் தேயும். முன்னால் தள்ளிக் கட்டினால் கால் ஆட இடமில்லை. ஓட்டில் துளை போட்டுக் கொக்கி மாட்டலாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஓடு அது போட்டுக்கொண்ட சட்டை இல்லை. விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து ஓடாகியிருக்கிறது. ரத்தம் ஓடும் எலும்பு. தொட்டால் அதற்குத் தெரியும்.

ஆகஸ்ட் 4

சரி, இனி உருப்படியாக. "ஒரு வாரத்தில் பழகிவிடும்" என்பதைத்தான் நான் அதிகம் யோசித்தேன்.

ஆமை மந்தபுத்தி, பழகாது என்று நினைப்பவர்களுக்கு: வியன்னா விலங்குக் காட்சிச்சாலையில் அல்டாப்ரா (இந்தியப் பெருங்கடல் தீவு ஒன்றின் ராட்சத ஆமை), கலாபகோஸ் ஆமைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குச்சி முனையில் வண்ணப் பந்து. அதைக் கடித்தால் தீனி. பிறகு பந்தை எட்டப் பிடித்து, நடந்து வந்து கடிக்கவைத்தார்கள். பிறகு ஒவ்வொரு ஆமைக்கும் ஒரு நிறம். தனியாகப் படித்ததைவிடக் கூட்டமாக இருந்தவை சீக்கிரம் பிடித்துக்கொண்டன. 9 ஆண்டுகள் கழித்து மறுபடி பந்தைக் காட்டினால், கடிக்க வேண்டும் என்பது நினைவில் இருக்கிறது. ஆய்வு 2019-இல் வெளிவந்தது.

உங்கள் உலகத்துக்கு இது தங்கச் சுரங்கம். பழக ஒரு பருவம் ஆகட்டும், இரண்டு ஆகட்டும். பழகிவிட்டால் மறக்காது என்பதுதான் பலம். நல்லது மட்டும் இல்லை, கெட்டதையும் மறக்காது என்று நீங்கள் வைத்துக்கொள்ளலாம். அது ஆய்வில் இல்லை, நான் சேர்ப்பது.

ஆகஸ்ட் 4, இரவு

நேரில் பார்த்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு பூங்காவில் அல்டாப்ரா ஆமை ஒன்றின் பக்கத்தில் உட்கார விட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்பவர் கழுத்தடியைச் சொறியச் சொன்னார். தோல் மடிப்புக்குள் காய்ந்த மண்ணும் புல் துணுக்கும். முதலில் புஸ்ஸென்று தலையை உள்ளே இழுத்தது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்து வெளியே வந்தது. அப்புறம் நாலு காலையும் விறைப்பாக ஊன்றி, உடம்பை உயரத் தூக்கி, கழுத்தை மேலே நீட்டி, கண்ணை அரைவாசி மூடி நின்றது. முன்னங்கால்கள் லேசாக உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தன. அதுதான் அதன் மூச்சு. விலா ஓட்டோடு சேர்ந்துவிட்டதால் மார்பை விரிக்க முடியாது, உள்தசையையும் காலையும் அசைத்துத்தான் காற்றை இழுக்கும்.

இந்த நிற்கும் தோரணை காட்டிலும் உண்டு. கலாபகோஸில் சின்ன ஃபிஞ்ச் குருவி ஆமையின் முன்னால் வந்து தத்தும். ஆமை இதே மாதிரி எழுந்து கழுத்தை நீட்டும். குருவி போய்த் தோல் மடிப்பில் உள்ள உண்ணிகளைக் கொத்தித் தின்னும். ஆக, "நான் உனக்கு உதவ வந்திருக்கிறேன்" என்று ஆமையிடம் சொல்ல ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் கதையில் பழக்குபவர் பழக்கூடையோடு வர வேண்டாம். குருவி செய்வதைச் செய்யட்டும். முன்னால் நின்று தத்தி, காத்திருந்து, உண்ணி எடுக்கட்டும்.

ஆகஸ்ட் 5

குருவி போலத் தத்தும் வீரனை நினைத்துச் சிரித்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு வேடம் ஏற்றுக் கதை ஆடும் எங்கள் பகடை விளையாட்டுக் குழுவில் இதை வைத்து ஆடியாகிவிட்டது. கோடரி தூக்கிய பெருமலைக்காரர் வேடம் போட்டவர்தான் முதலில் தத்தினார்.

ஆகஸ்ட் 5, மாலை

"இதெல்லாம் சரி, கடைசியில் இந்த ஆமை எதற்குத்தான் உதவும்? சவாரி இல்லை, வேகம் இல்லை, சேணம் இல்லை. கதையில் சும்மா நிற்குமா?"

நியாயமான கேள்வி. ஒரு நாள் முழுக்க மண்டைக்குள் ஓடியது. என் பதில்: நீங்கள் ஆமையைப் பழக்க முயலுகிறீர்கள், அதன் பாதையைப் பழக்குங்கள்.

டார்வின் கலாபகோஸில் பார்த்த இன்னொரு காட்சி இது. மேட்டில் உள்ள நீரூற்றுகளிலிருந்து கடற்கரை வரைக்கும் நாலா பக்கமும் அகலமான, நன்றாக மிதிபட்ட வழிகள் இறங்கின. ஆமைகள் போட்ட வழிகள். ஊற்றில் கண்வரை தலையை முக்கிக் குடித்துவிட்டு ஒரு கூட்டம் திரும்பும், இன்னொரு கூட்டம் கழுத்தை நீட்டிக்கொண்டு ஆவலாக ஏறி வரும். முதலில் வந்த மனிதர்கள் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்ததே இந்த வழிகளைப் பின்தொடர்ந்துதான்.

இதை உங்கள் உலகத்தில் போடுங்கள். ஒரு டன் எடையுள்ள விலங்கு, தலைமுறை தலைமுறையாக ஒரே தடத்தில் போகிறது. புதர் மிதிபட்டுக் கிடக்கும், முள் ஒடிந்து கிடக்கும், சேற்றில் அமுங்கிய இடம் கெட்டித் தரையாகிவிடும். மற்ற ஊர்க்காரர்கள் ரோடு போடுகிறார்கள். உங்கள் மக்கள் ஆமை போகிற இடத்தில் பழமரம் நடுகிறார்கள், அடுத்த வருடம் கொஞ்சம் தள்ளி நடுகிறார்கள், தடம் அந்தப் பக்கம் நகர்கிறது. ஐம்பது வருடத்தில் காட்டுக்கு நடுவே ஒரு வழி. ஆமை தன் இஷ்டத்துக்குத்தான் போகிறது. இஷ்டத்தை நகர்த்தியவர்கள் இவர்கள்.

பழகிய விலங்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 6

குரலில் கட்டளை கொடுக்கும் காட்சியை நீக்கிவிடுங்கள். கலாபகோஸ் தீவுக்காரர்கள் ஆமைக்குக் காதே கேட்காது என்று நம்பினார்கள். டார்வின் பின்னாலேயே நடந்து போயிருக்கிறார், ஆமை திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கடந்து முன்னால் வந்த நொடியில் தலையையும் காலையும் இழுத்துக்கொண்டு, உஸ்ஸென்று பெருமூச்சு விட்டு, தொப்பென்று விழுந்ததாம். அடித்துப் போட்ட மாதிரி.

சைகை, நிறம், தரை அதிர்வு. இவற்றில் ஏதாவது ஒன்று.

ஆகஸ்ட் 6, சற்று நேரம் கழித்து

காவல் வேலைக்கு ஆதாரம் கிடைத்தது! இந்தியப் பெருங்கடலின் ரொட்ரிகஸ் தீவில் 1690-களில் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா லெகா எழுதியது: ஆயிரக்கணக்கில் ஆமைகள் நெருக்கி நிற்கும், தரையில் கால் படாமல் ஓடுகளின் மேலேயே நூறு தப்படிக்கு மேல் நடந்து போகலாம். அதோடு, கூட்டத்தைச் சுற்றி நான்கு மூலையிலும் ஓர் ஆமை, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்து நிற்குமாம், காவலாளி போல. உண்மையில் காவல்தானா, வேறு காரணமா, சரிபார்க்க இனி வழியில்லை. அந்த இனங்கள் மனிதர்கள் வந்த பிறகு தின்று தீர்க்கப்பட்டுவிட்டன. கப்பல்காரர்களுக்கு அவை தீனி போடாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் இறைச்சி மூட்டைகள். அடித்தளத்தில் மல்லாக்கப் போட்டு அடுக்கிவைத்தார்கள்.

கற்பனைக்கு லெகாவின் வார்த்தையே போதும். நாலு மூலைக்கு நாலு ஆமை, நடுவில் ஊர் தூங்குகிறது.

ஆகஸ்ட் 7

போர்க்களம் வேண்டவே வேண்டாமா என்று கேள்வி கேட்டவர் வருத்தப்படுகிறார். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எதிரி முட்டாள் இல்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நான் எதிரித் தளபதியாக இருந்தால் விடியற்காலையில் தாக்குவேன். குளிர் ரத்தப் பிராணி. வெயில் ஏறி ஓடு சூடாகும்வரை உங்கள் நகரும் கோட்டை நகராது. மழைக்கால மேகமூட்டம் இன்னும் உத்தமம். பனி பெய்யும் வடக்கு நாட்டுக்குப் படையெடுப்பு என்ற அத்தியாயத்தை இப்போதே கிழித்துப் போடுங்கள்.

ஆண் ஆமை ஆணோடு சண்டை போடும், அது நிஜம். மடகாஸ்கரின் அங்கோனோகா ஆமைக்குக் கழுத்துக்குக் கீழே அடி ஓடு ஏர்க்கொழு மாதிரி முன்னால் நீண்டிருக்கும். அதை எதிராளியின் அடியில் கொடுத்து மல்லாக்கக் கவிழ்த்துவிடும். சிவாலிக் ஆமைக்கும் அடி ஓட்டின் முன்பகுதி தடித்து நீண்டிருந்தது. கோட்டைக் கதவை நெம்ப இதைப் பயன்படுத்தலாம். கவிழ்ந்த ஒரு டன் ஆமையை மறுபடி நிமிர்த்த எத்தனை பேர் வேண்டும் என்று மட்டும் கணக்குப் போட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் 7, இரவு

"சாதுவான சைவப் பிராணி" என்று யாரோ எழுதியிருந்தீர்கள். செஷல்ஸின் ஃப்ரிகேட் தீவில் ஓர் ஆமை, மரத்திலிருந்து விழுந்திருந்த கடற்பறவைக் குஞ்சு ஒன்றைத் துரத்திப் பிடித்துத் தின்றது வீடியோவில் பதிவாகி 2021-இல் வெளிவந்தது. துரத்தல் என்றால் ஆமை வேகத் துரத்தல். குஞ்சு ஒரு கட்டையின் மேல் நின்றது, பறக்கத் தெரியாது, கீழே இறங்கப் பயம். ஆமை வாயைத் திறந்தபடி ஒவ்வோர் அடியாக வந்தது. பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லிவைத்தவர்கள் இதைப் பார்த்திருந்தால் கோழிக்கூட்டையும் சேர்த்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 9

பாதை யோசனையில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக நேற்றிலிருந்து தோன்றுகிறது. யார் பழக்குகிறார்கள்?

செயின்ட் ஹெலினா தீவில் ஜோனதன் என்ற ஆமை இருக்கிறது. 1882-இல் கொண்டுவரப்பட்டபோதே முழு வளர்ச்சி. அதனால் பிறப்பு 1832 வாக்கில் என்று கணக்கு. ஆளுநர்கள் வந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள், அது அதே புல்வெளியில் மேய்கிறது. கொல்கத்தா அலிப்பூரில் 2006-இல் இறந்த அத்வைதா ராபர்ட் கிளைவிடம் இருந்தது என்றே சொல்வார்கள். கதையோ நிஜமோ, அப்படி ஒரு கதை கட்ட முடிகிற ஆயுள் அதற்கு.

அதற்கு வளர்ந்து பெரிதாகவே 20, 25 வருடம் ஆகும். ஆக, குஞ்சிலிருந்து பழக்கியவர் அது உருப்படியாகும்போது நடுவயது. அதன் நடுவயதில் அவர் இல்லை. "வீரன் தன் ஆமையைப் பழக்கினான்" என்ற வாக்கியமே உங்கள் உலகத்தில் வரக்கூடாது. பாட்டி பழக்கியதைப் பேத்தி பார்த்துக்கொள்கிறாள். பேத்திக்குத் தெரியாத சைகை ஒன்று ஆமைக்குத் தெரியும், ஏனென்றால் பாட்டியின் அம்மா கற்றுக்கொடுத்தது. இவள் எதேச்சையாக மஞ்சள் துணியை அசைக்கிறாள், ஆமை வடக்கே திரும்புகிறது. ஏன் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

இங்கே கதை தொடங்குகிறது என்பேன். நான் எழுதினால் இங்கேதான் தொடங்குவேன்.

ஆகஸ்ட் 9, மீண்டும்

இதன்படி பார்த்தால் 5-ஆம் தேதி எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். பாதையை மக்கள் நகர்த்துகிறார்கள் என்றேன். பாதி உண்மை. பழைய மக்கள் நகர்த்திவைத்த பாதையில் புது மக்கள் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது மீதி. சந்தை இடம் மாறிவிட்டது, ஆறு திசை மாறிவிட்டது, ஆமை மட்டும் பழைய சந்தைக்குப் போய் நிற்கிறது. அதை மாற்ற ஒரே வழி, மறுபடி பொறுமையாகப் பழம் வைப்பதுதான். அரசன் வந்து அதட்டினாலும் நடக்காது. அரசன் அதட்டும் காட்சியைக் கட்டாயம் எழுதுங்கள்.

ஆகஸ்ட் 10

மாயம் எதுவும் வேண்டாமா என்று கேட்டவருக்கு: ஒன்று போதும். காடு.

மொரிஷியஸ் பக்கம் இல் ஓ எக்ரெட் என்ற குட்டித் தீவு. அங்கே இருந்த ராட்சத ஆமைகள் அழிந்ததும் கருங்காலி மரத்தின் பெரிய பழங்களைத் தின்று விதையைப் பரப்ப ஆள் இல்லை. பழம் மரத்தடியிலேயே விழுந்து கிடந்தது. 2000-இல் அல்டாப்ரா ஆமைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை தின்று கழித்த இடமெல்லாம் கன்று முளைத்தது. குடல் வழியாகப் போன விதை நன்றாகவே முளைக்கிறது.

இது மாயம் இல்லை, நிஜம். இதை நாலு மடங்கு வேகமாக்கினால் மாயம். ஆமை போன தடம் மறு வருடம் நாற்று, அதற்கு அடுத்த வருடம் நிழல். எதிரி நாட்டுக்காரன் ஆமையைத் திருடுவதற்குக் காரணமும் கிடைத்துவிட்டது. திருடி ஓட்டிப் போக முடியாது என்பதால் எல்லையிலிருந்து வரிசையாகப் பழம் வைத்துக்கொண்டே போவான். உலகத்திலேயே மெதுவான கொள்ளை. எங்கள் குழுவில் இதைத்தான் அடுத்து ஆடப் போகிறோம். காவல்காரர்கள் பக்கம் நான்.

ஆகஸ்ட் 12

விட்டுப்போன சில்லறைக் கேள்விகள்.

முட்டை: டென்னிஸ் பந்து அளவு, உருண்டை, கலாபகோஸ் கணக்குப்படி. ஒரு டன் ஆமைக்குக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள், ரொம்பவும் வேண்டாம். குழி சூடாக இருந்தால் பெண், குளிர்ச்சியாக இருந்தால் ஆண். எங்கே குழி தோண்டலாம் என்று தீர்மானிப்பவர்தான் உங்கள் ஊரில் நிஜமான அதிகாரம் உள்ளவர்.

தண்ணீர்: தாகத்தில் தவித்த தீவுக்காரர்கள் ஆமையைக் கொன்று மூத்திரப்பையில் உள்ள நீரைக் குடித்திருக்கிறார்கள். டார்வினும் ருசி பார்த்தார். தெளிவாக இருந்தது, லேசான கசப்பு என்கிறார். பாலைவன அத்தியாயத்தில் உங்கள் நாயகன் இதைச் செய்தால் வாசகர் மன்னிக்கமாட்டார். செய்யலாமா என்று யோசிக்கவைத்தால் போதும்.

கடல்: நீந்தாது, மிதக்கும். 2004-இல் அல்டாப்ரா ஆமை ஒன்று தான்சானியாவின் கிம்பிஜி கரையில் தானாக ஏறி வந்தது. கால்களில் கொட்டலசு (கப்பலடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிரி) ஒட்டி வளர்ந்திருந்தது, அத்தனை காலம் கடலில். எலும்பும் தோலுமாக இருந்தது, ஆனால் நடந்தது. சிவாலிக் ஆமையின் சொந்தக்காரர்களின் எலும்பு ஜாவா, சுலவேசி, திமோர் வரைக்கும் கிடைப்பதற்கும் இந்த மிதப்புதான் காரணமாக இருக்க வேண்டும். ஆகவே உங்கள் வரைபடத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள தீவிலும் தாராளமாக ஆமை வைக்கலாம். படகில் ஏற்றிப் போகும் காட்சி மட்டும் வேண்டாம்.

கூட யார் மேய்ந்தார்கள்: ஸ்டெகோடான் யானைகள், கொம்பு கிளைத்த சிவதேரியம். அதுவும் ஃபால்கனர், காட்லி இருவரும் பெயர் வைத்ததுதான், சிவன் பெயரில், 1836-இல். ஒட்டகச்சிவிங்கியின் உறவு, ஆனால் கழுத்து குட்டை, உடம்பு ஒரு டன்னுக்குச் சற்று மேல். சவாரிக்கு ஏதாவது ஒரு பிராணி வேண்டும் என்று இன்னும் அடம்பிடிப்பவர்கள் அதன் பக்கம் போகலாம். தனி இழை திறங்கள், அங்கே வருகிறேன்.